செயினை மட்டும் தனியாக வாங்காதீர்கள்

கியர் இல்லாத சைக்கிளுக்கு நல்ல செயின் எது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு கம்பெனிப் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பெயர் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, கீழே சொல்லவும் செய்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: முன்னால் இருக்கும் பல்சக்கரமான செயின்வீலும் பின்னால் இருக்கும் பல்சக்கரமும் (மிதிக்காமல் உருள விடுவது ஃப்ரீவீல், சக்கரத்தோடு இறுகப் பூட்டியது காக்) எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, அவற்றின் பல் எவ்வளவு தடிமன், பின்சக்கரத்தை முன்னே பின்னே நகர்த்த ஃப்ரேமில் எவ்வளவு இடம் இருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் வாங்க வேண்டிய செயின் ஏறக்குறைய தானாக முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால் எவ்வளவு விலை கொடுத்தாலும் சத்தம்தான் மிஞ்சும்.

நான் சென்னை திருவான்மியூர் பக்கம் ஃபிக்ஸி, அதாவது ஃப்ரீவீல் இல்லாமல் பின்சக்கரத்தோடு பெடலும் சேர்ந்தே சுற்றும் சைக்கிள், ஓட்டுகிறவன். பழைய ரோட்ஸ்டர் ஃப்ரேம்களை வாங்கி ஒற்றை கியராகவோ ஃபிக்ஸடாகவோ மாற்றித் தருவது பல வருடப் பழக்கம். கடற்கரைக் காற்று, ஐப்பசி மழை, சாலையோர மணல் எல்லாமே செயினுக்கு எதிரி. அதனால் இந்தச் சின்ன இரும்புத் துண்டுகளைப் பற்றி நிறைய யோசிக்க நேர்ந்திருக்கிறது.

முதலில் அகலம். இன்றைய சைக்கிள் செயின் எதை எடுத்தாலும், கண்ணிகளை மூட்டும் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையில் அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர்தான். ரொம்பப் பழைய சைக்கிள்களில் ஒரு இஞ்ச் இடைவெளியுள்ள செயின் உண்டு, டிராக் (வட்ட ஓடுபாதை) பந்தயக்காரர்கள் அதை நெடுநாள் விடாமல் வைத்திருந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் ஷிமானோ டிராக் சைக்கிளுக்கென்று 10 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்று செய்து பார்த்தது. எடை குறைவுதான், ஆனாலும் நிலைக்கவில்லை. அரை இஞ்ச்தான் நின்றது. அதனால் ரத்தன் பஜாரில் வாங்கும் சாதாரணச் செயின் ஜப்பானில் செய்த டிராக் செயின்வீலிலும் அழகாக உட்காரும்.

மாறுவது உள்ளகலம். ஒற்றை கியருக்கான பழைய அளவு 1/8 இஞ்ச், அரைக்கால் இஞ்ச். கியர் சைக்கிள்களில் 5 முதல் 8 கியர் வரை 3/32 இஞ்ச். 9 கியரிலிருந்து மேலே போனால் உள்ளகலம் இன்னும் கொஞ்சம் குறைகிறது, அதைவிட வெளித்தகடுகள் மெலிந்து செயினே ஒடுங்கிவிடுகிறது. நம் ஊர் ரோட்ஸ்டர் எல்லாமே 1/8-தான், பெரும்பாலும் முன்னால் 44 பல், பின்னால் 18. விதி சுலபமானது: 1/8 செயின் இரண்டு வகைப் பல்லிலும் ஓடும், 3/32 செயின் 3/32 பல்லில் மட்டும்தான் ஓடும். தடித்த பல்லின் மேல் ஒடுக்கமான செயினைப் போட்டால் அது பல்லுக்குள் இறங்காமல் மேலேயே ஏறி நிற்கும். கையால் சுற்றும்போது ஏதோ உட்கார்ந்த மாதிரி இருக்கும், சாலையில் மிதித்து எழும்போது நழுவும்.

பழைய கியர் சைக்கிளின் கிராங்கை (பெடல் மாட்டும் கையை) அப்படியே வைத்துக்கொண்டு ஒற்றை கியராக மாற்றுபவர்களுக்கு இங்கேதான் குழப்பம் வரும். முன்னால் 3/32 பல் இருக்கும், பின்னால் புதிதாக வாங்கியது 1/8 ஃப்ரீவீலாக இருக்கும். அப்போது 1/8 செயின்தான் வழி. இரண்டுமே 3/32 என்றால் 8 கியர் சைக்கிளுக்கு விற்கும் செயினே போதும், விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும், சத்தமும் குறைவு. ஒற்றை கியர் என்றாலே தடித்த செயின்தான் போட வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு காலிப்பரை வைத்து இரண்டு பல்லையும் அளந்துவிடுங்கள். 3 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் 1/8, 2-ஐ ஒட்டி வந்தால் 3/32.

சரி, அகலம் முடிந்தது. செயினின் தரம் எங்கே இருக்கிறது?

ஸ்விட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பைத்தான் இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். உள்தகடுகள் இரண்டையும் ஒரு சின்னக் குழாய் சேர்த்துப் பிடிக்கிறது, அதுதான் புஷ். அதன் வழியாக வெளித்தகடுகளின் பின் நுழைகிறது. புஷ்ஷின் மேல் ரோலர் சுற்றுகிறது. அதற்கு முந்தைய செயின்களில் பின் மெல்லிய தகட்டின் ஓட்டை விளிம்பில் உராய்ந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். ரெனால்ட் புஷ்ஷைப் போட்டதும் பின்னின் முழு நீளமும் சுமையைப் பகிர்ந்துகொண்டது. பின்சக்கரத்துக்குச் செயின் போட்ட இன்றைய சைக்கிளுக்கு நாம் கடன்பட்டிருக்கும் ஆள் அவர். அவர் பெயரை இங்கே சைக்கிள்காரர்களே அதிகம் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

'செயின் இழுத்துக்கிச்சு' என்கிறோமே, அப்போது தகடு எதுவும் இழுபடுவதில்லை. பின்னும் புஷ்ஷின் உட்புறமும் தேய்கின்றன. பழைய கதவின் கீல் தேய்ந்து கதவே தொங்கிப்போகும் பாருங்கள், அதேபோல நூறு கீல் வரிசையாக இருந்தால் மொத்தத் தொங்கல் எவ்வளவு இருக்கும்? அதுதான் செயினின் நீளம் கூடுவது. ஆகவே செயினின் ஆயுளைத் தீர்மானிப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மூட்டுதான். பின் எவ்வளவு கடினப்படுத்தப்பட்டிருக்கிறது, புஷ் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது, எண்ணெய் உள்ளே போகிறதா என்பவைதான் கேள்வி. வெளியே இருக்கும் பளபளப்பு எதையும் சொல்லாது.

இங்கே ஒற்றை கியர்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கியர் சைக்கிள் செயின் பக்கவாட்டில் வளைந்து பல் மாற வேண்டும், அதனால் 1980களிலிருந்து அவற்றில் தனிப் புஷ் இல்லாமல் உள்தகட்டையே குழிவாக உந்தி ரோலருக்கு இருக்கை செய்துவிட்டார்கள். வளையும், மலிவு, எண்ணெயும் சுலபமாக உள்ளே போகும். நமக்கு வளையும் வேலையே இல்லை. செயின் ஒரே கோட்டில்தான் ஓடுகிறது. அதனால் முழுப் புஷ் உள்ள 1/8 செயின் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். பக்கவாட்டில் விறைப்பாக நிற்கும், மூட்டில் தாங்கும் பரப்பும் அதிகம். ஒரே தொல்லை, அதற்குள் எண்ணெய் போக நேரமெடுக்கும். ஒவ்வொரு ரோலர் மேலும் ஒரு துளி விட்டு இரவு முழுக்க வைத்து, காலையில் துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட வேண்டும். வெளியில் வழியும் எண்ணெய் மணலைச் சேர்ப்பதற்கு மட்டும்தான் உதவும்.

பலத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. 'ஃபிக்ஸியா? தடியா, ஸ்டன்ட் சைக்கிள் செயின் போடு, இல்லன்னா அறுந்துடும்' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ ஆள் ஒரே பெடலில் முழு எடையையும் போட்டு எழுந்து நிற்கிறார், கிராங்க் 17 சென்டிமீட்டர். 48 பல் செயின்வீலின் ஆரம் சுமார் 9.7 சென்டிமீட்டர். செயினில் வரும் இழுப்பு ஏறக்குறைய 123 கிலோ. 38 பல்லாக இருந்தால் ஆரம் 7.7-க்கு இறங்கி இழுப்பு 155-ஐ நெருங்கும். கைப்பிடியை இழுத்து மிதிப்பவர் இன்னும் கூட்டலாம், இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒழுங்கான 1/8 செயின் தாங்குவது இதைப்போல் பல மடங்கு. அறுந்த செயின்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் செயினின் இரு முனைகளைச் சேர்க்கும் லாக் கழன்றிருக்கும், அல்லது சுத்தியலால் அடித்து இறக்கிய பின் சரியாக உட்காராமல் தகட்டை விட்டு வெளியே வந்திருக்கும். கூடுதல் பலத்துக்காகக் கால் கிலோ கூடுதல் இரும்பைச் சுமப்பதில் பிரயோஜனம் இல்லை. அந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: முன்னும் பின்னும் பெரிய பல்லாக வைத்தால் இழுப்பு குறைந்து செயின் நீடிக்கும். 1999-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் செய்த அளவீடுகளிலும் பெரிய பல்சக்கரங்களில்தான் சக்தி இழப்பு குறைவாக வந்தது. நல்ல நிலையில் 98 சதவீதத்துக்கு மேல் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது, யோசித்துப் பாருங்கள்.

பலத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு மோகம் முழுக்க அரைக் கண்ணியால் ஆன செயின். ஒவ்வொரு தகடும் நடுவில் மடிந்து ஒரு முனை ஒடுக்கமாகவும் மறுமுனை அகலமாகவும் இருக்கும். பார்க்க எடுப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மடிந்த தகட்டை இழுத்தால் அது நேராகப் பார்க்கும். மேலே தகடு இழுபடாது என்றேனே, இந்த வகையில் மட்டும் உண்மையாகவே இழுபடும். கூடவே எடையும் அதிகம். நண்பர்கள் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அரைக் கண்ணி ஒன்றே ஒன்று மட்டும் சில சமயம் நிஜமாகவே தேவைப்படும். சாதாரணச் செயினில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் எப்போதும் இரட்டை எண்ணிக்கையில்தான் வெட்ட முடியும், அதாவது ஒரு இஞ்ச் ஒரு இஞ்சாக. ஒரு இஞ்ச் குறைத்தால் பின் ஆக்ஸில் அரை இஞ்ச் முன்னால் வரும். ஃப்ரேமின் பள்ளத்தில் அவ்வளவு இடம் இல்லையென்றால் ஒரு அரைக் கண்ணியைச் சேர்த்து கால் இஞ்சில் நிறுத்தலாம். ஆனால் நான் முதலில் பல்லின் எண்ணிக்கையை மாற்றித்தான் பார்ப்பேன். ஒரு பல் கூடினால் ஆக்ஸில் சுமார் 3 மில்லிமீட்டர் நகரும், செயின் எப்போதும்போல் முழுசாக இருக்கும். உதாரணத்துக்கு என் சைக்கிள்: ஆக்ஸிலுக்கும் கிராங்கின் நடுவுக்கும் 16 இஞ்ச், முன்னால் 48, பின்னால் 17. இரு பக்கமும் 32 கண்ணிகள், அது 64. பற்களின் பாதி 32.5. இரண்டு சக்கரத்துக்கும் அளவு வித்தியாசம் இருப்பதால் சாய்வுக்கு இன்னும் முக்கால். மொத்தம் 97 கால். வெட்டுவது 98, ஆக்ஸில் 5 மில்லிமீட்டர் பின்னால் போய் உட்காரும். 112 கண்ணியாக வரும் செயினில் 14 மிச்சம், அதை எறியாதீர்கள், வழியில் ஒரு கண்ணி கெட்டால் உதவும்.

17 பல் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். செயினின் எண்ணிக்கையும் இரட்டை, பல்லின் எண்ணிக்கையும் இரட்டை என்றால் ஒரு குறிப்பிட்ட பல்லுக்கு எப்போதும் உள்கண்ணிதான் வரும், அடுத்ததற்கு எப்போதும் வெளிக்கண்ணிதான். பின் தேயும்போது வெளிக்கண்ணியின் இடைவெளிதான் கூடுகிறது, உள்கண்ணியின் இடைவெளி அப்படியே இருக்கிறது. அதனால் பற்களும் ஒன்றுவிட்டு ஒன்று வேறுவேறு விதமாகத் தேயும். ஒற்றைப்படைப் பல்லில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் மாறுவதால் தேய்மானம் எல்லாவற்றுக்கும் பரவும். செயின்வீல் 48, அது இரட்டைதான், அதனால் ஒரு பல்லில் பெயின்ட் பொட்டு வைத்திருக்கிறேன். கழுவக் கழற்றி மாட்டும்போது அந்தப் பல்லில் வெளிக்கண்ணி வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் பழைய பொருத்தம் கெடாது. பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்துபவர்களுக்கும் 17 நல்லது. 48-க்கு 16 போட்டால் மூன்று மடங்கு சரியாக வகுபட்டு ஒரே காலை முன்னால் வைத்துச் சறுக்கும்போதெல்லாம் டயரின் ஒரே இடம்தான் தரையில் தேயும், 17-ல் அது 17 இடங்களாகப் பிரியும். நான் முன்பிரேக் இல்லாமல் ஃபிக்ஸி ஓட்டுவதை ஆதரிப்பதில்லை. செயின் கழன்றால் காலால் பெடலைத் தடுத்துப் பிடிக்கும் பிரேக்கும் அதோடு போய்விடும், சென்னைப் போக்குவரத்தில் அதற்கு மாற்று ஒன்று கையில் இருந்தே ஆக வேண்டும்.

செயின் கழலாமல் இருப்பது இரண்டு விஷயத்தில் இருக்கிறது: நேர்கோடு, இறுக்கம். செயின்வீலும் காக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். டிராக் சைக்கிளில் ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் 42 மில்லிமீட்டர் தள்ளி ஓடுவது வழக்கம், நம் மாற்று வேலைகளில் அந்த எண் வராமல் போகலாம், பரவாயில்லை, முன்னும் பின்னும் ஒரே எண்ணாக வந்தால் போதும். நீளமான இரும்பு ஸ்கேலைச் செயின்வீலில் படுக்க வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இறுக்கத்துக்கு, மேல் செயினின் நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் அரை இஞ்ச் ஆட வேண்டும். ஃபிக்ஸியில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக வைக்கலாம், ஏனென்றால் மிதிக்கும்போது மேல்பக்கம் இழுபடுகிறது, காலால் தடுக்கும்போது கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, நடுவில் இருக்கும் தளர்வு முழுக்க ஒரு வெட்டாகக் காலில் வந்து இடிக்கும். செயினைத் தானாக இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த டென்ஷனரை ஃபிக்ஸியில் போடவே கூடாது, பின்னால் தடுத்த முதல் முறையே அது வளைந்துவிடும். கிராங்கைச் சுற்றிக்கொண்டே பாருங்கள், ஓரிடத்தில் செயின் இறுகும், ஓரிடத்தில் தளரும். செயின்வீல் நடுவில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். போல்ட்களைக் கொஞ்சம் தளர்த்தி, இறுகும் இடத்தில் லேசாகத் தட்டி, மறுபடி சுற்றிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். எப்போதும் அதிகம் இறுகும் இடத்தை வைத்துத்தான் அளவு.

அப்புறம் லாக். கிளிப் போட்ட லாக்கில் மூடிய முனை செயின் போகும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த முனை பின்னால். ஃபிக்ஸியில் பின்னால் தடுக்கிறோமே, திசை மாறாதா என்று சிலர் கேட்கிறார்கள். இழுப்புதான் மாறுகிறது, செயின் எப்போதும் முன்னோக்கித்தான் ஓடுகிறது, அதனால் விதி ஒன்றுதான். டிராக் செயின்கள் சிலவற்றில் சின்ன போல்ட் வைத்த லாக் வரும், இன்னும் நிம்மதி.

இப்போது பெயர்கள். தினசரி ஓட்ட டைமண்ட் போதும் என்று தயங்காமல் சொல்வேன். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் இருந்த அந்த டைமண்ட் கம்பெனியோடு கூட்டு வைத்து 1960 வாக்கில் அம்பத்தூரில் தொடங்கிய ஆலை அது. 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் இன்ஜினிலிருந்து இரண்டு புரொப்பெல்லருக்கும் சக்தியைக் கொண்டுபோன செயின்கள் அந்த இண்டியானாபோலிஸ் கம்பெனியிலிருந்து போனவை. இரண்டும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு செயினை எட்டு வடிவில் குறுக்காகப் போட்டிருந்தார்கள். பால்காரரின் சைக்கிளுக்கும் அந்த விமானத்துக்கும் நடுவில் இப்படி ஒரு உறவு இருப்பது எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் தைவானின் கேஎம்சி 1/8 செயின்கள். ஆசைக்கு என்றால் ஜப்பானின் இசுமி. 1948-ல் கொகுராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள், அதனால் வீரர்களின் சைக்கிளில் என்ஜேஎஸ் முத்திரை பெற்ற பாகங்கள் மட்டும்தான் அனுமதி, இசுமி செயின் அந்தப் பட்டியலில் உண்டு. முழுப் புஷ், அமைதியான ஓட்டம். ஆனால் தேய்ந்த ஃப்ரீவீலில் இசுமியைப் போடுவதைவிடப் புது ஃப்ரீவீலில் டைமண்டைப் போடுவது நூறு மடங்கு மேல்.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் நிக்கல் பூச்சு உள்ளதை எடுக்கலாம். தகடு துருப்பிடிப்பது தள்ளிப்போகும். மூட்டுக்குள் அது ஒன்றும் செய்யாது, அங்கே எண்ணெய்தான் காவல். கலர் செயினில் பெயின்ட் ரோலரிலும் தகட்டின் உள்பக்கத்திலும் இருந்து உதிர்ந்து எண்ணெயோடு குழம்பும். துருவுக்கு நிஜமான மருந்து முழுச் செயின் கவர். நம் தாத்தாக்களின் சைக்கிளில் செயின் அத்தனை வருடம் வந்ததற்கு அந்தத் தகரப் பெட்டிதான் காரணம், இன்றைக்கு அதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் எல்லோரும் வேலையையே தொடங்குகிறார்கள். புதுச் செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போடாதீர்கள், ஆலையிலேயே மூட்டுக்குள் வைத்த கிரீஸ் அதோடு போய்விடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்துவிடும்.

எப்போது மாற்றுவது? ஒரு ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து 24 கண்ணிகளை அளந்தால் புதிதில் 12 இஞ்ச், 304.8 மில்லிமீட்டர். 306-ஐத் தாண்டியதும் மாற்றினால் பற்கள் பிழைக்கும். 308-க்கு வந்துவிட்டால் பற்களும் செயினின் புது நீளத்துக்கு ஏற்றபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் உட்காராது. நான் அடிக்கடி போகும் கடையில் ஒருநாள் ஒரு பையன் புதுச் செயின் மட்டும் கேட்டு வந்தான். அங்கே இருக்கும் பெரியவர் அவன் சைக்கிளின் ஃப்ரீவீலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, செயின் மட்டும் மாத்துனா நாளைக்கே கரகரன்னு இங்க வந்து நிப்ப. பல்லு போச்சு பாரு. மூணையும் மாத்து, இல்ல இதையே மழை முடியிற வரைக்கும் ஓட்டு" என்றார். "காசு இல்லண்ணே" என்றான் அவன். "அப்ப இதையே ஓட்டு, தப்பில்ல" என்று எண்ணெய் விட்டு அனுப்பினார். ஒற்றை கியரில் அப்படிச் செய்ய முடியும். தேய்ந்த செயினும் தேய்ந்த பல்லும் ஒன்றோடு ஒன்று பழகி ரொம்ப நாள் ஓடும், ஆக்ஸிலைப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தால் போதும். இறுக்கி இறுக்கி ஆக்ஸில் பள்ளத்தின் கடைசிக்கு வந்த பிறகு செயின், செயின்வீல், ஃப்ரீவீல் மூன்றையும் சேர்த்து மாற்றலாம். நடுவில் எதையாவது ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் காசுக்குக் கேடு.

கடைசியாக, ஃபிக்ஸி ஓட்டுபவர்கள் எல்லோருக்கும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் முக்கியமாக: சக்கரம் சுற்றும்போது துணியை வைத்துச் செயினைத் துடைக்காதீர்கள். ஃப்ரீவீல் சைக்கிளில் பெடலைப் பின்னால் சுற்றினால் பின்சக்கரம் சுற்றாது, துணி மாட்டினால் எல்லாம் நின்றுவிடும். ஃபிக்ஸடில் சுற்றும் சக்கரத்தின் வேகம் முழுக்கச் செயினில் இருக்கிறது, துணியோடு விரலையும் பல்லுக்குள் இழுத்துக்கொள்ளும், விரல் துண்டாகும் வரை நிற்காது. சக்கரத்தை நிறுத்துங்கள், நிற்கும் செயினில் நாலு கண்ணி துடையுங்கள், கையை எடுங்கள், கிராங்கை நகர்த்துங்கள், மறுபடி நாலு கண்ணி. வேட்டி, துப்பட்டா, அகலமான பேன்ட் கால் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான், ஒரு கிளிப்பால் மடித்துக்கொள்ளுங்கள், அல்லது அரைக் கவராவது போடுங்கள்.